ஒருத்தி லீவில் இரண்டு பிள்ளைகள்

பீச் தெருவுக்குப் பின்னால், படகுத்துறைக்குப் போகும் சந்து ஒன்றில் இருந்த சரக்குக் கிட்டங்கியில் நான் கிராம்பு பொறுக்கினேன். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்த வேலை. சாக்கில் வந்து இறங்கும் கிராம்பைச் சிமெண்டுத் தரையில் கொட்டிவிடுவார்கள். பெண்கள் நாங்கள் சுற்றி உட்கார்ந்து முறத்தில் அள்ளிப் புடைத்து, காம்பையும் கல்லையும் தலை உதிர்ந்ததையும் ஒதுக்க வேண்டும். சில நாள் ஜாதிக்காய், சில நாள் பாக்கு. ஆனால் கிராம்பின் வாசனைதான் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். குளித்தாலும் போகாது. எங்கள் தெருவில் கண்ணை மூடிக்கொண்டே நான் வருவதைச் சொல்லிவிடுவார்கள்.

வேலைக்கு வந்த நாளுக்குக் கூலி. வராத நாளுக்கு இல்லை. அதில் ஏமாற்று எதுவும் கிடையாது, சனிக்கிழமை சாயங்காலம் சரியாகக் கையில் கொடுத்துவிடுவார்கள். எங்களில் யாராவது பிள்ளை பெற்றால் ஒருநாள் வராமல் போவாள். மறுநாள் அவள் சாக்கில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். பிள்ளை பிழைத்து, உடம்பும் தேறி, அவள் திரும்பி வரும்போது இடம் காலியாக இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் வாசலில் கொஞ்ச நேரம் நின்று எங்களோடு பேசிவிட்டுப் போவாள். இதை நாங்கள் அநியாயம் என்று நினைத்ததில்லை. மழை பெய்தால் நனைவது மாதிரி அது.

என் வீட்டுக்காரர் துறையில் தொங்கான் படகுகளில் சரக்கு ஏற்றி இறக்கும் கூலி. அவருக்கு ஒரே தங்கை. அவளை நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. என்னைவிட இரண்டொரு வயது சின்னவள். வாய் ஓயாமல் பேசுவாள், சிரித்தால் ஈறு முழுக்கத் தெரியும். தைப்பூசத்துக்குத் தோட்டத்து ஜனங்களோடு ரயிலேறிப் பிறைக்கு வந்து, பெரிப் படகில் கடல் தாண்டி, தீவில் இருந்த எங்கள் அறைக்கு வந்துவிடுவாள். அந்த வருடம் வந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

தண்ணீர்மலைக் கோயிலுக்கு நடந்து போகும் வழியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். அப்போதுதான் சொன்னாள்.

"மாசம் நெருங்குனதும் நான் வேலைக்கிப் போகமாட்டேன் அண்ணி. பிள்ளை பொறக்கறதுக்கு முன்னால ஒரு மாசம், பொறந்து ஒரு மாசம். வீட்டுலயே இருக்கலாம். தொரை காசு குடுப்பாரு."

"வேலைக்கிப் போகாம எதுக்குக் குடுக்குறாரு?"

"பிள்ளை பெக்கறதுக்குத்தான். சட்டமாம்லா. எங்க லயத்துல போன மாசம் ஒருத்தி வாங்குனா, நானே பார்த்தேன்."

என் வீட்டுக்காரர் சிரித்தார். தங்கை எதையும் கூட்டிச் சொல்கிறவள் என்று அவருக்கு நினைப்பு. நானும் அப்போது சிரித்தேன். ஆனால் மறுநாள் முறத்தோடு உட்கார்ந்தபோது அது மனதைவிட்டுப் போகவில்லை. அவளும் கூலிக்காரி, நானும் கூலிக்காரி. அவள் வெட்டும் பாலும் நான் பொறுக்கும் கிராம்பும் ஒரே துறையிலிருந்துதான் கப்பலேறுகின்றன.

கிட்டங்கி முதலாளி நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். கீழே கிட்டங்கி, மேலே வீடு. அந்த மாதம் அவர் வீட்டிலும் பிள்ளை பிறந்திருந்தது. தாயும் சேயும் நாற்பது நாள் மாடி அறையை விட்டு இறங்கமாட்டார்கள் என்று சமையல்காரம்மா சொல்வாள். காலையில் மருந்துக்குப் பூண்டும் திப்பிலியும் வதக்கும் வாசனை படிக்கட்டு வழியாகக் கீழே வரும். பிள்ளை அழுதால் பலகை இடுக்கு வழியாகக் கேட்கும். எங்களுக்கு அதில் பொறாமை ஒன்றும் இல்லை. முதலாளி வீட்டு அம்மா வேறு, நாங்கள் வேறு. பொறாமை வந்ததெல்லாம் என் நாத்தனார் மேல்தான்.

எங்களுக்கு வேலை கொடுத்து வாங்குகிறவர் ஒரு கணக்கப்பிள்ளை. நல்ல மனுஷர், குரல் உயர்த்தமாட்டார். ஒரு சனிக்கிழமை மற்றவர்கள் போனபிறகு நின்று கேட்டேன்.

"தோட்டத்துல பிள்ளைத்தாச்சிங்களுக்கு வீட்டுல இருக்கச் சொல்லிக் காசு குடுக்குறாங்களாம். சட்டம்ங்கறாங்க. நமக்கும் உண்டுங்களா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது தோட்டத்துக்கு உள்ள சட்டம்மா. ஊர்ல இருந்து கப்பல்ல ஆள் கொண்டாந்து லயத்துல வச்சிருக்கானே, அவனுக்கு. இது கிட்டங்கி. நீங்களா வர்றீங்க, நீங்களா போறீங்க."

"நானும் வருசக்கணக்கா வர்றேனுங்களே."

"வர்றே. இல்லேன்னு சொல்லலே. பிள்ளை பொறந்தா முதலாளி ஒரு கைலியும் அரிசியும் குடுப்பாரு, நான் சொல்லி வாங்கித் தர்றேன். இடத்தை மட்டும் ரொம்ப நாளைக்கி வச்சிருக்க முடியாது. கப்பல் வந்துட்டா சரக்கு நமக்காக நிக்குமா, சொல்லு."

கூலியை முந்தானையில் முடிந்துகொண்டேன். வீட்டுக்குப் போனேன்.

வயிறு பெருத்த பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. ஒரு காலை நீட்டி, முறத்தைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு புடைத்தேன். கிராம்புத் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் வந்தால் அடிவயிறு இழுக்கும். பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மா என் பங்குச் சாக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். கடைசியில் கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையாமல் போனபோது என் வீட்டுக்காரர் சொன்னார், "தங்கச்சிகிட்ட போயிடு. அவ வீட்டுலதானே உட்கார்ந்திருக்கா. அங்க ஆஸ்பத்திரியும் இருக்கு."

எனக்குத் தாய் இல்லை, போக வேறு இடமும் இல்லை. அவரே கூட்டிக்கொண்டு போய் விட்டார்.

நாத்தனார் லயத்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காலை வேளை. லயத்து வரிசை வீடுகள் வெறிச்சென்று கிடந்தன, எல்லாரும் மலைக்காட்டில் பால் வெட்டப் போயிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவள் எழுந்திருக்க முயன்று, முடியாமல் சிரித்தாள். கன்னம் உப்பி, முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. அது நாலு நாள் பகலில் தூங்கியவளின் முகம். நான் என் கையைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் பழுப்பு.

அன்றே தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்து விசாரித்தார். தோட்டத்து ஆள் அல்லாதவர் லயத்தில் தங்கக்கூடாதாம். நாத்தனார் புருஷன் கும்பிட்டு ஏதேதோ சொல்லிச் சமாளித்தார். ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டதற்குக் கிராணி முடியாது என்று தலையாட்டிவிட்டார்.

"அது தோட்டத்துப் பொம்பளைங்களுக்குப்பா. டவுன் ஆளைச் சேர்த்தா மருந்து குடுக்கற டிரெசருக்குத்தான் திட்டு விழும்."

இப்படியாக ஒரே அறையில் படுத்திருந்த இரண்டு பேரில் அவள் தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆண் பிள்ளை பெற்றாள். அதற்கு அடுத்த வாரம் நான் லயத்து அறையில், சாக்கு விரித்த தரையில், பக்கத்து வீட்டு அம்மா கையால் பெண் பிள்ளை பெற்றேன். மழை கொட்டிய மத்தியானம். தகரக் கூரைச் சத்தத்தில் பிள்ளை அழுததே எனக்குக் கேட்கவில்லை. செத்துப் பிறந்ததோ என்று பயந்து, அந்த அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பொட்டைப் பிள்ளை, நல்லாத்தான் இருக்கு" என்று அவர் காதருகே வந்து சொன்னார்.

பிள்ளை சின்னது. என் முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் அடங்கிவிட்டது. ஆனால் நன்றாகப் பால் குடித்தது. கொஞ்ச நாள் நாங்கள் இரண்டு பேரும் எதிரும் புதிருமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்த நாட்கள் அவைதான். அவளுடைய லீவின் நிழலில் நான் ஒதுங்கியிருந்தேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சோறு அவள் வீட்டுச் சோறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் வந்தார். வந்ததும் பிள்ளையை வாங்கிப் பார்த்தார், மடியில் வைத்துக்கொண்டே டவுன் நிலவரத்தைச் சொன்னார். தொங்கானில் வேலை குறைந்துவிட்டது. அறை வாடகை பாக்கி நின்றது. கணக்கப்பிள்ளையை வழியில் பார்த்தாராம். கப்பல் வந்துவிட்டது, இந்த வாரத்துக்குள் வந்தால் என் இடம் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

"பிள்ளையை வச்சிக்கிட்டு அங்க எப்படி?" என்றேன்.

"கேட்டேன். உள்ள பிள்ளையைக் கொண்டாரக் கூடாதுங்கறாரு. தூசியாம், பிள்ளைக்கி ஆவாதாம். அவரு சொல்றதும் நெசந்தானே."

எங்கள் தெருவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கும், ஆனால் பால்? டின் பால் கரைத்துக் கொடுத்து வயிற்றுப்போக்கில் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இங்க விட்டுட்டுப் போங்க அண்ணி. எனக்கு ரெண்டு மாரு இருக்குல்ல. ஒண்ணு அவனுக்கு, ஒண்ணு இவளுக்கு."

"ஒன் லீவு முடிஞ்சா?"

"முடிஞ்சா பிள்ளைங்களைப் பாத்துக்க ஆயாக்கொட்டகை இருக்கு. பால் வெட்டிட்டு வந்து ரெண்டுக்கும் குடுப்பேன். கொஞ்ச நாளைக்கித்தானே. அது சோறு திங்க ஆரம்பிச்சா வந்து தூக்கிட்டுப் போயிடுங்க."

அவள் புருஷன் வெளியே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அவர் சொல்லவில்லை. "கிராணி கேட்டா ரெட்டைப் பிள்ளைன்னு சொல்லவா தங்கச்சி?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். வேடிக்கையாகச் சொன்னதுதான், யாரும் சிரிக்கவில்லை.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பிறை வருவதற்குள் ரவிக்கை நனைந்துவிட்டது. மறுநாள் கிட்டங்கியில் முறத்தைக் கையில் எடுத்தேன். மாடியில் முதலாளி வீட்டுப் பிள்ளை அழுதது. அந்த அழுகைக்கு என் மார் கட்டிக்கொண்டு பால் வடிந்தது. குனிந்துகொண்டேன். கிராம்பில் சொட்டாமல் இருக்க முந்தானையைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டேன். பக்கத்து அம்மா பார்த்துவிட்டார். சாயங்காலம் என்னைப் பூக்கடைக்கு அழைத்துப்போய் மல்லிகை வாங்கிக் கொடுத்தார். மாரில் வைத்து இறுக்கிக் கட்டினால் பால் வற்றிவிடும் என்றார். அப்படியே கட்டினேன். சில நாளில் வற்றிவிட்டது. அதற்குப் பிறகு பிள்ளையை உடனே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெரிக்கும் ரயிலுக்கும் காசு சேர்ந்தபோதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். முதலில் பிள்ளை என்னிடம் வந்தது. பிறகு நான் தூக்கினால் மூக்கைச் சுருக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பும். கிராம்பு வாசனை பிடிக்கவில்லை போலிருக்கிறது. நாத்தனாருக்கு அதைப் பார்க்கச் சங்கடம். "குளிச்சிட்டுத் தூக்குங்க அண்ணி" என்பாள். குளித்துவிட்டுத்தான் வந்திருப்பேன்.

சோறு தின்ன ஆரம்பித்தாள், நடந்தாள். ஆனாலும் கூட்டிக்கொண்டு வர முடியவில்லை. தோட்டத்தில் பெண்கள் வேலைக்குப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கொட்டகை இருந்தது, ஆயா இருந்தாள். டவுனில் எங்களுக்கு என்ன இருந்தது? கதவைப் பூட்டிவிட்டுப் போக அறை இருந்தது. அடுத்த தீபாவளிக்கு, அடுத்த தைப்பூசத்துக்கு என்று நானும் அவரும் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

அவளும் நாத்தனார் மகனும் ஒன்றாக வளர்ந்தார்கள். அவன் எதைச் சொன்னாலும் இவளும் சொல்வாள். அவன் தன் தாயை அம்மா என்றான், இவளும் அம்மா என்றாள். என்னை அவன் முறைப்படி அத்தை என்று கூப்பிட்டான். இவளும் அதே மாதிரி, "அத்தை வந்துட்டாங்க" என்று லயத்து வாசலிலிருந்து கத்திக்கொண்டு உள்ளே ஓடுவாள். அத்தை என்று கூப்பிட வேண்டியவள் அம்மாவாகவும், அம்மாவாகிய நான் அத்தையாகவும் ஆகிப்போனோம். நாத்தனார் திருத்திப் பார்த்தாள். பிள்ளைக்குப் புரியவில்லை. நான்தான் விட்டுவிடு என்றேன்.

அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. துறையில் சரக்கு இல்லை, தொங்கான்கள் கரையோரம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. தோட்டத்தில் கூலியைக் குறைத்தார்கள், பிறகு ஆளைக் குறைத்தார்கள். நாத்தனார் அப்போது மறுபடியும் உண்டாகியிருந்தாள். நாங்கள் போயிருந்தபோது அவள் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். முன்பு மாதிரி லீவு என்றுதான் நான் நினைத்தேன்.

"லீவா? நிறுத்திட்டாங்க அண்ணி," என்றாள். "வயித்துல இருக்கறவங்களைத்தான் மொதல்ல நிறுத்துறாங்க. மாசம் நெருங்கறதுக்கு முன்னாலயே பேரை எடுத்துட்டா காசு குடுக்க வேண்டாம்லா. என்னோட சேர்த்து எங்க லயத்துல நாலஞ்சு பேரு."

"சட்டம்னு சொன்னியே."

"தோட்டத்துல வேலை பாக்கறவளுக்குத்தானே சட்டம். வேலையே இல்லைன்னா?"

அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கையில் ஏதோ துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். அடுத்த மாதம் அவள் புருஷனையும் நிறுத்தினார்கள். ஊருக்குப் போகிறவர்களுக்குக் கப்பல் சீட்டு இலவசம் என்றார்கள். ஊர் என்று அவர்கள் சொன்ன இடத்தை நாத்தனார் பார்த்ததே இல்லை, அவள் இங்கே பிறந்தவள். டவுனுக்கு வந்து எங்களோடு இருக்கச் சொல்லி என் வீட்டுக்காரர் கெஞ்சினார். இரண்டு குடும்பத்துக்கும் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் எதைப் போடுவது என்று அவள் புருஷன் திருப்பிக் கேட்டார்.

கப்பலுக்குக் காத்திருப்பவர்களைத் துறைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் வைத்திருந்தார்கள். மகளை வாங்கிக்கொள்ள நாங்கள் அங்கே போனோம். கூட்டம் தாங்கவில்லை. தகரப் பெட்டிகள், பாய்ச் சுருள்கள், நடுவில் கால் வைக்க இடமில்லாமல் ஜனங்கள். நாத்தனார் நிறைவயிற்றோடு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டிருந்தாள்.

"சோத்தைக் கையால நல்லாப் பிசைஞ்சாத்தான் திம்பா அண்ணி. பருக்கை தெரியக் கூடாது. தூங்கும்போது நம்ம காதைப் பிடிச்சிக்குவா, தட்டி விடாதீங்க." இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு மகளைப் பார்த்து, "அத்தை வீட்டுக்குப் போயிட்டு வாடா. அம்மா வந்துடுவேன்" என்றாள். மகள் சமர்த்தாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். விருந்துக்குப் போகிற நினைப்பு அவளுக்கு. தெருமுனை திரும்பும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

இருட்டியதும் அம்மாவிடம் போக வேண்டும் என்றாள். மறுநாளும் சொன்னாள். அழுவாள், களைத்துத் தூங்குவாள், எழுந்து வாசலில் போய் நிற்பாள். என் கையால் சோறு வாங்கவில்லை, என் வீட்டுக்காரர் ஊட்டினால் தின்றாள். நாத்தனார் சொன்ன மாதிரி தூங்கும்போது காதைத் தேடிக் கை நீட்டுவாள். நான் தலையைக் கொண்டுபோய் வைப்பேன். தொட்டதும் அது வேறு காது என்று தெரிந்துவிடும் போல, கையை எடுத்துக்கொள்வாள். கொஞ்சம் கொஞ்சமாக அழுகை நின்றது. அத்தை என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். அம்மா என்று கூப்பிட நாங்கள் சொல்லிக் கொடுத்தோம். அதைக் கேட்டுக்கொள்வாள், கூப்பிடமாட்டாள். எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே என்னோடு பேசப் பழகிக்கொண்டாள்.

ரப்பர் விலை திரும்பி, தோட்டங்களில் மறுபடி ஆள் எடுத்தபோது அதே கப்பலில் போனவர் ஒருவர் திரும்பி வந்தார். என் வீட்டுக்காரர் அவரைத் துறையில் பிடித்து விசாரித்தார். கரை இறங்கிய இடத்து முகாமிலேயே தங்கைக்குப் பிரசவம் ஆனதாம், பிள்ளை தங்கவில்லையாம். அதற்கப்புறம் அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் இன்றுவரை தெரியாது.

மகளைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தோம். எழுத்து நன்றாக வந்தது. நானும் நாலு வகுப்பு படித்தவள், அதனால் அவள் சிலேட்டைப் பார்த்து இது சரி, இது தப்பு என்று என்னால் சொல்ல முடிந்தது. எங்களுக்குள் பேச்சு வளர்ந்ததெல்லாம் அந்தச் சிலேட்டை வைத்துத்தான். அவள் இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது நான் மறுபடி உண்டானேன்.

வயிறு தெரிந்தபோது ஒருநாள் சிலேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"இந்தப் பாப்பாவை யாருக்கிட்ட குடுக்கப் போறீங்க?"

அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தேன். "யாருக்கும் குடுக்கலைமா. நம்ம வீட்டுலதான் இருக்கும்."

"நீங்க வேலைக்கிப் போயிடுவீங்களே."

கிட்டங்கியில் பழைய கணக்கப்பிள்ளை இல்லை, புதிதாக வேறொருவர் வந்திருந்தார். அவரிடமும் கேட்டுப் பார்த்தேன். அவர் பழையவரைப் போல விளக்கம்கூடச் சொல்லவில்லை, முடியாதும்மா என்றார். அந்த வருடம் என் வீட்டுக்காரருக்கு மூட்டை விழுந்து தோள் இறங்கியிருந்தது. கனமான வேலை எதுவும் செய்ய முடியாது, கிடைத்த சில்லறை வேலைக்கு அலைந்துகொண்டிருந்தார். என் கூலி இல்லாமல் அடுப்பு எரியாது.

ஆண் பிள்ளை பிறந்தான். வீட்டில் எத்தனை நாள் முடியுமோ அத்தனை நாள் இருந்தேன். அதிகம் முடியவில்லை. நான் வேலைக்குத் திரும்பிய வாரம் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். வாத்தியார் வீட்டுக்கே வந்து கேட்டார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, அடுத்த வருடம் அனுப்புகிறேன் ஐயா என்றார். அடுத்த வருடமும் அனுப்ப முடியவில்லை.

அவள் அழவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துக்குக் கிட்டங்கிச் சந்துக்கு வந்துவிடுவாள். நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து அவனுக்குப் பால் கொடுப்பேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிரில் நின்று, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாமல் மறைத்துக்கொள்வாள். மணி அடித்ததும் கையை நீட்டுவாள். நான் பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவேன்.